சனம் இல்லாத ரயில்

(எமது வானொலியின் மாதாந்தப் பேச்சு நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இன்று நான் கதைக்க எடுத்துக்கொண்ட விடயம் ரயில். அதிலும், சனம் அதிகம் ஏறாத ரயில். "இந்தச் சேவையில் பிரயாணிகள் குறைவு, ஆகவே நிறுத்துகிறோம்" என்று ஓர் அறிவித்தல் வந்தால் அதை நாங்கள் எப்படி வாசிக்க வேண்டும், அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இந்தப் பேச்சின் நோக்கம்.

இதில் எங்களுக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். ஒக்லாந்தில் எங்களில் பலருடைய வீட்டு வாசலில் ஒன்றுக்கு இரண்டு கார் நிற்கிறது. உண்மைதான். ஆனால் அந்தக் கார்கள் காலை 7 மணிக்கே வேலைக்குப் போய்விடும். அதற்குப் பிறகு வீட்டில் இருப்பது யார்? பேரப்பிள்ளைகளைப் பார்க்கவென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட அம்மம்மா, அப்பம்மா. இந்த வயதில் சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கத் தயங்குகிற தாத்தா. பல்கலைக்கழகம் போகிற பிள்ளை. புதிதாக வந்து இன்னும் கார் வாங்காத குடும்பம். இரவு வேலை முடிந்து விடிகாலையில் திரும்புகிற ஒருவர். ஒரு சேவையில் "கொஞ்சச் சனம்" என்று கணக்கில் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்கள்தான். அந்தச் சேவை நின்றால் கார் உள்ளவர் காரில் போவார். இவர்கள் வீட்டில் இருந்துவிடுவார்கள். அவர்கள் வீட்டில் இருந்துவிட்டது எந்தக் கணக்கிலும் வராது.

இந்த விடயத்துக்கு ஒக்லாந்திலேயே நல்ல பாடம் ஒன்று இருக்கிறது. அது ஒனெஹங்கா கிளைப் பாதை. எங்கள் ஆட்கள் பலருக்கும் பழக்கமான இடம். மாங்கரே பிரிஜ் பக்கம் இருப்பவர்கள் பாலத்தைக் கடந்தால் ஒனெஹங்கா. 2022 ஓகஸ்டில் திறந்த புதிய நடைபாலத்தால் நடந்தும் சைக்கிளிலும் வரலாம்.

ஒக்லாந்து நகரிலிருந்து பென்ரோஸ் வழியாக ஒனெஹங்காவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது 1873 டிசம்பரில். ஒக்லாந்தின் முதல் ரயில் பாதை இதுதான். அந்த நாட்களில் வெலிங்டன் போகிறவர்கள் ரயிலில் ஒனெஹங்கா துறைக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் நியூ பிளிமத் போய், மீண்டும் ரயில் பிடித்தார்கள். 1908இல் ஒக்லாந்துக்கும் வெலிங்டனுக்கும் இடையில் நேரடிப் பாதை முடிந்ததும் அந்த முக்கியத்துவம் போய்விட்டது. பிறகு இது நகருக்குள் போய்வருகிற ஒரு சிறிய இணைப்புப் பாதையாகவே இருந்தது. அதற்கும் போட்டி வந்தது. ட்ராம் வந்தது, பின்னர் பஸ் வந்தது, கார் வந்தது. ட்ராமும் பஸ்ஸும் மனுக்காவ் வீதியால் நேரே நகருக்குப் போகும். ரயிலோ கிழக்கே பென்ரோஸுக்குப் போய்ச் சுற்றிவர வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. 1930இல் ஒக்லாந்தின் பிரதான ரயில் நிலையத்தைக் குவீன் வீதிப் பக்கத்திலிருந்து பீச் வீதிக்கு மாற்றினார்கள். கட்டடம் கம்பீரமானது, இன்றும் நிற்கிறது. ஆனால் கடைகளும் கந்தோர்களும் இருந்த இடம் தள்ளிப் போய்விட்டது. ரயிலால் இறங்கிய பிறகு இன்னும் ஒரு நடை, அல்லது இன்னொரு பஸ். இப்படி இருந்தால் யார் ஏறுவார்? 1973இல் ஒனெஹங்காவின் பயணிகள் ரயில் நிறுத்தப்பட்டது. ஏறக்குறைய நூறு ஆண்டுக் கதை.

நேயர்களே, இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு சேவை திடீரென்று ஒரே நாளில் வெறுமையாவதில்லை. முதலில் சனம் கொஞ்சம் குறையும். செலவைக் குறைக்க இரண்டு ரயிலை வெட்டுவார்கள். முன்பு அரை மணிக்கு ஒன்று வந்தது இப்போது ஒரு மணிக்கு ஒன்று. ஒன்றைத் தவறவிட்டால் ஒரு மணி நேரம் குளிரில் நிற்க வேண்டும் என்று இன்னும் சிலர் விட்டுவிடுவார்கள். அடுத்ததாகப் பின்னேர ரயிலை வெட்டுவார்கள். பின்னேரம் திரும்பிவர முடியாதவர் காலையிலும் போகமாட்டார். கடைசியில் காலையில் ஒன்று மாலையில் ஒன்று என்று மிஞ்சும். அப்போது எண்ணிப் பார்த்து, "பாருங்கள், சனம் இல்லை" என்பார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சனம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் சனம் ஏன் இல்லை என்ற கேள்விக்கு அது பதில் ஆகாது.

ஒனெஹங்காவின் கதை அங்கே முடியவில்லை. பயணிகள் ரயில் நின்றாலும் சரக்கு வண்டிகளுக்காகத் தண்டவாளம் கிடந்தது. இதுதான் பின்னால் உயிர் கொடுத்தது. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அங்குள்ள மக்களும், சிறந்த போக்குவரத்துக்காகப் பாடுபட்ட குடிமக்கள் அமைப்பொன்றும் கையெழுத்து வாங்கினார்கள், கூட்டம் வைத்தார்கள், உள்ளூர் அரசியல்வாதிகளைப் பிடித்துக் கேட்டார்கள். 2007இல் பாதையைத் திருத்த அரசு சம்மதித்தது. 2010 செப்டெம்பரில் ஒனெஹங்காவுக்கு மீண்டும் பயணிகள் ரயில் வந்தது. இடையில் போனது 37 ஆண்டுகள். 2014 ஏப்ரலில் ஒக்லாந்தின் புதிய மின்சார ரயில்கள் முதன்முதலாகப் பிரயாணிகளை ஏற்றி ஓடியதும் இதே ஒனெஹங்கா பாதையில்தான். ஒரு காலத்தில் வேண்டாம் என்று விட்ட பாதை, புதிய ரயிலுக்கு முதல் பாதையானது.

எல்லாம் சுகமாக முடிந்தது என்று நான் சொல்லவரவில்லை. அது ஒற்றைத் தண்டவாளம். மேடை குறுகியது, மூன்று பெட்டி ரயில்தான் நிற்கும். அரை மணிக்கு ஒன்றுக்கு மேல் ஓட்டுவது கடினம். 2022இல், நகரத்துக்கடியில் நடந்த சுரங்கப் பாதை வேலைகளுக்காக நகர நிலையத்தில் மேடைகள் குறைந்தபோது, ஒனெஹங்கா ரயிலை நியூமார்க்கெட்டோடு நிறுத்தினார்கள். நகருக்குப் போகிறவர் அங்கே இறங்கி வேறு ரயில் மாற வேண்டியதாயிற்று. இளம் ஆட்களுக்கு அது ஐந்து நிமிட வேலை. கையில் பையும் காலில் நோவும் உள்ள ஒரு வயது போனவருக்கு, மாறி ஏறுவது என்பதே வீட்டில் இருந்துவிடப் போதுமான காரணம். சேவையை முழுதாக நிறுத்தாமல் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறுக்குவதையும் நாங்கள் அவதானிக்க வேண்டும்.

ஒனெஹங்கா மட்டுமில்லை. ஒக்லாந்து முழுவதும் ஒரு காலத்தில் இதே நிலையில்தான் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் ஒக்லாந்தின் பயணிகள் ரயில் முழுவதையுமே கைவிடலாம் என்ற பேச்சு இருந்தது. அப்போது அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரம் மின்சார ரயிலுக்கு மாறியது. அங்கே தேவைப்படாமல் போன பழைய டீசல் வண்டிகளை 1993இல் மலிவாக வாங்கி இங்கே ஓடவிட்டார்கள். 1994இல் வருடம் முழுவதும் ஏறியவர்களின் எண்ணிக்கை ஏறக்குறைய 10 லட்சம்தான். 2003இல் பிரிட்டோமார்ட் நிலையம் திறந்தது. நாங்கள் பிரிட்டோமார்ட் என்று பழகிய அந்த நிலையத்துக்கு இப்போது வைட்டமட்டா என்று பெயர். ரயில் மீண்டும் குவீன் வீதியின் அடிவாரத்துக்கு வந்தது. 2017இல் வருடப் பிரயாணங்கள் 2 கோடியைத் தாண்டின. இடையில் ஊரும் வளர்ந்தது, சனத்தொகையும் கூடியது, அது வேறு. ஆனால் 20 மடங்கு சனத்தொகை கூடவில்லை. நிலையம் சரியான இடத்துக்கு வந்தது, ரயில் அடிக்கடி வந்தது, சனம் ஏறியது. 1993இல் "சனம் இல்லை" என்று தண்டவாளத்தைப் பிடுங்கியிருந்தால் இன்று என்ன செய்திருப்போம்?

இனி மறுபக்கத்தையும் பார்ப்போம். எந்தச் சேவையையும் எந்தக் காலத்திலும் நிறுத்தக்கூடாது என்று வாதாடுவது நியாயமில்லை. ரயில் ஓட்டுவது பொதுப்பணம். வெறும் பெட்டியை இழுத்துக்கொண்டு போகிற காசில் இன்னோர் இடத்தில் 15 நிமிடத்துக்கு ஒரு பஸ் ஓட்டலாம்.

மேற்கே ஹெலன்ஸ்வில் என்ற ஊருக்கு 2008 ஜூலையில் பரீட்சார்த்தமாக ஒரு சேவை தொடங்கினார்கள். வார நாட்களில் மட்டும் ஓடியது. தூரம் அதிகம், பாதை வளைந்து வளைந்து போகும், காரில் போவதை விட நேரம் கூட எடுத்தது. ஏறியவர்கள் குறைவு. 2009 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். இப்படி ஒரு சேவையை வைத்து அந்த ஊருக்கு ரயில் தேவையா இல்லையா என்று முடிவு செய்ய முடியுமா என்பது என் கேள்வி.

அடுத்தது வைட்டாக்கரே. மேற்குப் பாதையின் மின்சாரக் கம்பிகள் சுவான்சன் வரைக்கும்தான் போகின்றன. அதற்கு அப்பால் வைட்டாக்கரேக்குப் போக 19ஆம் நூற்றாண்டில் வெட்டிய ஓர் ஒடுக்கமான சுரங்கம் இருக்கிறது. கம்பி இழுக்க வேண்டுமென்றால் அதைப் பெருப்பிக்க வேண்டும். அந்தப் பக்கம் இருப்பது சிறிய கிராமம், ஏறுகிறவர்கள் கொஞ்சம். 2015 ஜூலையில் மின்சார ரயில்கள் முழுதாக வந்தபோது வைட்டாக்கரே நிலையத்தை மூடி, சுவான்சன் வரை பஸ் விட்டார்கள். இதை நான் குறை சொல்ல மாட்டேன். காரணம் வெளிப்படையாகச் சொல்லப்பட்டது, மாற்று ஒன்றும் கொடுக்கப்பட்டது. அந்த மாற்று ரயிலோடு நேரம் பொருந்தி ஓடுகிறதா என்பதைத்தான் அங்குள்ளவர்கள் கண்காணிக்க வேண்டும்.

இன்னும் பயனுள்ள உதாரணம் தெற்கிலே இரண்டு நிலையங்கள். ஒன்று வெஸ்ட்பீல்ட், மற்றது டே மாஹியா. இரண்டிலும் பிரயாணிகள் குறைவு, இரண்டையும் மூடலாம் என்று ஒரே காலத்தில் ஆராய்ந்தார்கள். வெஸ்ட்பீல்ட் நிலையம் பெரிய இறைச்சித் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களுக்காக இருந்தது. வெஸ்ட்பீல்ட் தொழிற்சாலை 1989இல் மூடப்பட்டுவிட்டது. நடந்துவரக்கூடிய தூரத்தில் வீடுகள் அருமை. 2017 மார்ச்சில் அந்த நிலையத்தை மூடினார்கள். டே மாஹியாவைச் சுற்றி வீடுகள் இருந்தன. அங்குள்ளவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். மனுரேவா உள்ளூர்ச் சபை அவர்களுக்காக நின்றது, நிலையத்தைத் திருத்தத் தன் பணத்திலும் பங்கு தந்தது. டே மாஹியா தப்பியது. இரண்டிலும் எண்ணிக்கை குறைவுதான். முடிவு வேறு வேறாக வந்ததற்குக் காரணம், ஓரிடத்தில் கேட்க ஆட்கள் இருந்தார்கள்.

லண்டனில் சொந்தக்காரர் இல்லாத குடும்பம் எங்களுக்குள் குறைவு. அங்கே கொஸ்பல் ஓக் என்ற இடத்திலிருந்து பார்க்கிங் வரை ஒரு பாதை வடக்கு லண்டனைக் குறுக்கே வெட்டிப் போகிறது. வோல்தம்ஸ்ரோ, லெய்ற்றன்ஸ்ரோன் வழியாக, எங்கள் ஆட்கள் நிறைந்த ஈஸ்ற்ஹாம், மனோர் பார்க் பக்கம் வூட்கிரேன்ஜ் பார்க் நிலையத்தைத் தொட்டுப் போகிற பாதை. நகர மையத்துக்குப் போகாமல் ஓர் ஓரத்தை இன்னோர் ஓரத்தோடு இணைக்கும் இப்படிப்பட்ட பாதைகள்தான் எந்த ஊரிலும் முதலில் கத்திக்கு அகப்படுவது. 1963இல் பீச்சிங் என்பவரின் பிரபலமான அறிக்கை மூடச் சொன்ன பாதைகளில் இதுவும் ஒன்று. மக்கள் விடவில்லை. பல ஆண்டுகள் பழைய வண்டிகளோடு இழுபட்டு ஓடியது. 2019இல் மின்சார ரயில்கள் வந்தன, 2022இல் பார்க்கிங் றிவர்சைட் வரை பாதை நீண்டது. 2024இல் அதற்கு சஃப்ரஜெற் பாதை என்று பெயர் வைத்தார்கள். வாக்குரிமைக்காகப் போராடிய பெண்களின் நினைவாக.

பிரித்தானியாவில் வேறொரு வேடிக்கையும் உண்டு. அங்கே ஒரு பயணிகள் சேவையை முறைப்படி மூடுவதென்றால் சட்டப்படி அறிவித்தல் கொடுத்து மக்களின் கருத்தைக் கேட்க வேண்டும். அந்தச் சிரமத்தைத் தவிர்க்க, சில பாதைகளில் கிழமைக்கு ஒரே ஒரு ரயிலை மட்டும் ஓட்டிவிட்டு, சேவை இருக்கிறது என்று சொல்லிவந்தார்கள். பேருக்கு ஒரு ரயில். அதை நம்பி யாரும் வேலைக்குப் போக முடியாது. கடதாசியில் இருக்கிற சேவையும் மனிதருக்குப் பயன்படுகிற சேவையும் ஒன்றில்லை என்பதற்கு இதை விட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

தண்டவாளம் கிடந்தபடியால் ஒனெஹங்காவுக்கு ரயில் திரும்பியது என்று சொன்னேன். தண்டவாளம் போய்விட்டால் என்ன ஆகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கு வருவதை நிறுத்தியது. அது சனம் இல்லாமல் நின்ற கோச்சி இல்லை, யுத்தத்தால் நின்றது. ஆனால் நின்ற பிறகு நடந்தது என்ன? தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போயின. நிலையங்களில் பற்றை வளர்ந்தது. யுத்தம் முடிந்த பிறகு பாதையை அடியிலிருந்து போட வேண்டியிருந்தது. இந்தியக் கடனுதவியோடு இந்திய நிறுவனம் வேலை செய்து, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம், 2015 ஜனவரியில் காங்கேசன்துறை என்று படிப்படியாகத் திறந்தார்கள். 24 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறை கோச்சிச் சத்தம் கேட்காமலே வளர்ந்தது.

ஒரு சேவையை நிறுத்துவது ஒரு விடயம். பாதையையே இழப்பது இன்னொரு விடயம். சேவை நின்றால் நாளைக்குத் திரும்பத் தொடங்கலாம். பாதையின் நிலம் கைமாறி, அதில் வீடும் கடையும் எழும்பிவிட்டால் திரும்ப வாங்க எந்த மாநகரசபையாலும் முடியாது. இந்த அறிவு ஒக்லாந்தில் இல்லாமல் இல்லை. மவுண்ட் றொஸ்கில் பக்கம் இருக்கிற எங்கள் குடும்பங்களுக்கு ஒரு செய்தி. அவொன்டேலிலிருந்து சவுத்டவுன் வரை உங்கள் ஊரைத் தொட்டு ஒரு ரயில் பாதை போட 1940களிலேயே நிலம் ஒதுக்கிவைத்தார்கள். இன்னும் ரயில் வரவில்லை. ஆனால் 20ஆம் இலக்க நெடுஞ்சாலையை அங்கே கட்டியபோதும் ரயிலுக்கென்று இடம் விட்டுத்தான் கட்டினார்கள். எப்போதோ வரப்போகிற ரயிலுக்கு அத்தனை பொறுமையாக நிலம் காத்துவைக்க முடியுமென்றால், முன்பு ஓடிய பாதையைக் காப்பது கடினமில்லை.

ஆகவே நேயர்களே, ஒரு ரயிலோ பஸ்ஸோ நிறுத்தப்படப் போகிறது என்று அறிவித்தல் வந்தால் நாங்கள் மூன்று கேள்வி கேட்போம். முதலாவது, எத்தனை பேர் ஏறினார்கள் என்று சொல்கிறீர்கள், எத்தனை தடவை ஓட்டினீர்கள், எந்த நேரத்தில் ஓட்டினீர்கள்? இரண்டாவது, ஏறிய அந்தக் கொஞ்சப் பேருக்கு நீங்கள் தருகிற மாற்று என்ன, அது ஒரு வயது போனவர் நடக்கக்கூடிய தூரத்தில் நிற்குமா, ஞாயிற்றுக்கிழமையும் வருமா? மூன்றாவது, பாதையையும் நிலத்தையும் என்ன செய்யப்போகிறீர்கள்? இந்த மூன்றுக்கும் நேர்மையான பதில் இருந்தால் முடிவை ஏற்றுக்கொள்ளலாம். இல்லையென்றால் எழுத வேண்டும்.

எழுதுவது என்றதும் எங்கள் ஆட்கள் பின்வாங்குவார்கள். ஆங்கிலம் போதாது என்பார்கள். ஒக்லாந்தில் 2010இலிருந்து 21 உள்ளூர்ச் சபைகள் இருக்கின்றன. அதிகாரிகளிடமும் சபையிடமும் கருத்துக் கொடுக்க இலக்கணம் பார்க்க மாட்டார்கள். "நான் கிழமைக்கு மூன்று நாள் இந்த ரயிலில் வைத்தியரிடம் போகிறேன், எனக்கு வேறு வழி இல்லை" என்ற இரண்டு வரி போதும். பிள்ளைகள் உதவி செய்யட்டும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் உங்கள் பிரயாணம் வெறும் இலக்கமாகவே இருக்கும். ஊரில் அதிகாரிக்குக் கடிதம் எழுதினால் என்ன வருமோ என்று பயந்து பழகிய சனம் நாங்கள். இங்கே கருத்துச் சொல்வதால் எந்த ஆபத்தும் வராது. சொல்லாமல் விட்டால்தான் நட்டம்.

கடைசியாக மூத்தவர்களுக்கு ஒரு சொல். 65 வயதைக் கடந்தவர்களுக்கு சூப்பர்கோல்ட் அட்டை மூலம், காலை நெரிசல் நேரம் தவிர்ந்த வேளைகளில் இலவசப் பயணம் உண்டு. 2008 ஒக்டோபரிலிருந்து இருக்கிற வசதி. அதைப் பயன்படுத்துங்கள். இலவசம்தானே என்று நினைத்து ஹொப் அட்டையைத் தட்டாமல் ஏறாதீர்கள். ஏறும்போதும் தட்டுங்கள், இறங்கும்போதும் தட்டுங்கள். அந்தப் பதிவுதான் பிரயாணக் கணக்குக்குப் போகிறது. அடுத்த முறை யாராவது உங்கள் பாதையைப் பற்றி "சனம் இல்லை" என்று சொல்ல வரும்போது, உங்கள் பெயர் இல்லாவிட்டாலும் உங்கள் பிரயாணம் அங்கே எழுதப்பட்டிருக்கும்.

மீண்டும் அடுத்த மாதம் வேறொரு விடயத்தோடு சந்திப்போம்.